மதுரை இல்லாத பாண்டியர்

தென்காசிக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மதுரை நினைவுதான் வரும். மூதாதையர் ஆண்ட மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் தலைநகராக்கிக்கொண்ட ஊர் இது. 1446-இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் அடிகளை இப்போதே பணிவதாகக் கல்லில் வெட்டிவைத்தான். முகம் தெரியாதவர் காலில் ஓர் அரசன் விழுகிறான்! சொந்த மண் கைவிட்டுப் போனதைக் கண்ட குடும்பத்துக்குத்தான் அந்தப் பதைப்பு வரும். (நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் 1990-இல் மீண்டும் உயர்ந்தது.)

அதே மரபில் 16-ஆம் நூற்றாண்டில் வந்த அதிவீரராம பாண்டியன் ‘நைடதம்’ பாட எடுத்துக்கொண்டது, நாடிழந்து மனைவியோடு காட்டுக்கு நடந்த நளன் கதையை. குற்றாலச் சாரல் தெருவரை வந்து நனைக்கும் ஆனி மாதத்தில், அவன் வைகையை நினைத்திருப்பானோ?