திருகாணியும் காரணமும்

விளைவு கைக்கு அடங்கிவிட்டால் காரணத்தை அறிந்துவிட்டோம் என்று கொள்ளலாமா? தர்க்க நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வி, பழைய வண்டியொன்றைப் பழுது பார்க்குமிடத்திலும் எழுவதுண்டு.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-ஆம் ஆண்டு தயாரிக்கத் தொடங்கிய வேன், படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்டுக் ‘கேம்பர்’ என்ற பெயரில் பல நாடுகளில் பயணிகளின் வீடாயிற்று. பின்புறம் அமைந்த அதன் பழைய இயந்திரம் தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிர்விக்கப்படுவது. 1970-களின் 1600 சி.சி. இயந்திரத்தையும் அதன் சோலெக்ஸ் கார்புரேட்டரையும் எடுத்துக்கொள்வோம். சூடேறிய பின், வண்டி நிற்கும்போது அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 850 சுற்றுகள் ஓட வேண்டும். மெக்கானிக்குகள் இதை ‘ஐட்லிங்’ என்பர். அது 1,500 சுற்றுகள் ஓடினால்?

உடனே கை செல்வது த்ராட்டிலைத் தாங்கும் திருகாணிக்கு. அதைத் தளர்த்தினால் இரைச்சல் அடங்கும், உரிமையாளரும் மகிழ்வார். மறுநாள் காலைக் குளிரில் வண்டி கிளம்பியதும் நின்றுபோகும். ஏனெனில் குளிர்ந்த இயந்திரம் சற்று வேகமாக ஓடுவதே முறை. சோக்கினுள் இருக்கும் ஈருலோகச் சுருள் மின்சாரத்தால் சூடேறச் சூடேற, படிபடியாக வெட்டப்பட்ட சிறு தகடு ஒன்று திரும்பி வேகத்தைக் குறைக்கிறது. காலையில் குணமாக இருந்ததே பிறகு குற்றமாகிறது. (காலமும் இடமும் பாராமல் பிறரது குணகுற்றங்களைத் தீர்ப்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

‘வேகம் மிகுந்துள்ளது, ஆகவே சோக் பழுது’ என்பது பிழையான அனுமானம். சோக் நன்றாக இருக்கும்போதும் வேகம் மிகலாம். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கலாம். காற்று செல்லும் குழாய்களை இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம். த்ராட்டிலின் அச்சு தேய்ந்திருக்கலாம். தீப்பொறி விழும் நேரம் முந்தியிருக்கலாம். சாத்தியம் இல்லாத இடத்திலும் காணப்படும் இத்தகைய ஹேதுவை நியாய சாஸ்திரம் ‘ஸவ்யபிசாரம்’ என்று தள்ளுகிறது.

அது காட்டும் வழி அன்வயமும் வியதிரேகமும்: இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை. கேபிளைக் கழற்றிப் பார். வேகம் தணிந்தால் குற்றம் அங்கே. தணியாவிட்டால் அதை விட்டு அடுத்ததற்குச் செல். ரப்பர் இணைப்பின்மீது சிறிது நீரைத் தெளிக்கும்போது வேகம் கணநேரம் மாறினால் கசிவு அங்கே இருக்கக்கூடும். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றிக் கோளாறு நீங்கினால் வண்டி குணமாகும், அறிவு பிறக்காது.

கசிவு சிறிதாயின் திருகாணியே அதை மறைத்துவிடும். ஆனால் மிகையாகப் புகும் காற்றால் எரிபொருள் கலவை நீர்த்து, காற்றை மட்டுமே நம்பியுள்ள இயந்திரம் அளவுமீறிச் சூடேறும். நாளடைவில் வால்வு கருகும். அவ்வண்டியில் ஒரு குடும்பம் உறங்கியெழுந்து மலைப்பாதை ஏறுகிறது. மறைத்தவர் ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை என்று வாதிடலாம். நமக்கு அது ஏற்புடையதன்று. 850 என்று காட்டும் முள், ‘நலம்’ என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை அமைத்தவர் அவரே. நள்ளிரவில் அடுத்த ஊர்வரை செல்ல வேகத்தைத் தற்காலிகமாகக் குறைத்து, அதை உரிமையாளரிடம் சொல்லிவிடுவது வேறு.

காரணம் நீங்கிய பின்னரும் வேகத்தைச் சிறிது சீர்செய்ய நேரலாம். அதற்கென்றே கார்புரேட்டரின் பக்கவாட்டில் வேறொரு பெரிய திருகாணி உள்ளது.