எடையும் நாணயமும்

வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டிய சிறு ஊர்களில் தூண்டில் சாமான் விற்கும் கடைகள் உண்டு. பெரும்பாலும் ஒரு குடும்பமே நடத்தும் கடைகள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்புவார்கள் என்பதால் கடையும் விடியும் முன்னே திறந்துவிடும். இந்தக் கடைகளுக்குச் சரக்குச் செய்து கொடுப்பவர்களில் சிலர் வீட்டு காரேஜையே பட்டறை ஆக்கிக்கொண்டவர்கள்.

அவர்கள் செய்வதில் முக்கியமானது ஸ்பூன். பெயருக்கேற்ப, கரண்டியின் குழிப்பகுதி போல வளைந்த மெல்லிய உலோகத் தகடு. முலாம் பூசி, பச்சையோ ஊதாவோ ஆரஞ்சோ அடித்து, இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டி, ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் மூன்று கூருள்ள தூண்டில் முள்ளும் மாட்டுவார்கள். அந்த வளைவு இம்மி பிசகினாலும் தண்ணீரில் தகட்டின் ஆட்டம் மாறிவிடும். மாறினால் மீன் திரும்பிப் பார்க்காது. ஒரு முறை ஏமாந்த வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார்.

ஓடும் படகின் பின்னால் இப்படிப் பல தூண்டில்களை ஒரே சமயத்தில் இழுத்துச் செல்வதுதான் ட்ரோலிங். கடலடியை வாரும் இழுவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படகு மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில் நகரும். டவுன்ரிகர் என்ற கருவியிலிருந்து கனமான ஈயக்குண்டு கம்பியில் இறங்கி, தூண்டில் நரம்பை வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோகும். மீன் கடித்த வேகத்தில், நரம்பைக் குண்டோடு பிணைத்திருக்கும் கவ்வி அதை விட்டுவிடும்; அதன்பிறகு மனிதனும் மீனும்தான். பிளேனர் என்ற சிறு பலகைகள் நரம்புகளைப் பக்கவாட்டில் விலக்கி, ஒன்றோடொன்று சிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஈரி ஏரியில் வாலாய் மீனுக்கும், மிச்சிகன் ஏரியில் சால்மனுக்கும் இப்படித்தான் போட்டி நடக்கிறது.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாத சிறு தொழிலுக்குப் போட்டிதான் விளம்பரம். மாலையில் படகுகள் கரைக்கு வந்து, மீன் தராசில் ஏறி, எண் அறிவிக்கப்பட்டதும் கூட்டம் கேட்பது இதைத்தான்: என்ன ஸ்பூன், என்ன நிறம், எத்தனை அடி ஆழம்? வென்றவர் சொல்லும் பதிலுக்கேற்ப ஒரு நிறம் தட்டுப்பாடாகும், இன்னொன்று அலமாரியில் தூசி படியும். ஆகவே அந்தத் தராசு பரிசுக்காரருக்கு மட்டும் சொந்தமானதல்ல. எங்கோ ஒரு காரேஜில் வண்ணம் அடித்துக்கொண்டிருப்பவரின் அடுத்த மாத வருமானமும் அதில்தான் நிறுக்கப்படுகிறது.

2022 செப்டம்பர் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், லேக் ஈரி வாலாய் டிரெயில் என்ற போட்டித் தொடரின் இறுதிச் சுற்றில், இருவர் கொண்ட அணி ஒன்று ஐந்து மீன்களைத் தராசில் வைத்தது. மொத்தம் 33.91 பவுண்டு. பார்வைக்கு ஒவ்வொரு மீனும் நான்கு பவுண்டு அளவே இருக்கும். தராசோ ஏறத்தாழ ஏழு என்றது. போட்டி இயக்குநர் மீன் ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். வயிற்றுக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எல்லோர் முன்னாலும் கத்தியால் கிழித்தார். உள்ளே ஈயக்குண்டு. அடுத்தடுத்த மீன்களிலிருந்தும் குண்டுகள் வந்தன, மொத்தம் பத்து. அவற்றோடு வேறு மீன்களின் சதைத் துண்டுகளும் திணிக்கப்பட்டிருந்தன. பரிசுத் தொகை ஏறத்தாழ 28,000 டாலர். மறு ஆண்டு இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, அபராதம், மீன்பிடி உரிமம் நிறுத்திவைப்பு, படகும் பறிபோனது.

மீன்களைக் கிழித்த காட்சியின் காணொளியை உலகம் முழுக்கப் பார்த்துச் சிரித்தது. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. மீன் வயிற்றில் இருந்தது, தூண்டிலை ஆழத்துக்கு இறக்க இந்தத் தொழிலே நம்பியிருக்கும் ஈயம். அன்று நேர்மையாக மீன் பிடித்து அடுத்த இடத்தில் நின்றவர்கள், கத்தி எடுக்கப்படாமல் போயிருந்தால், தங்கள் திறமையையே சந்தேகித்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். பிடிபட்டவர்கள் முன்பும் பரிசு வாங்கியவர்கள். அந்தப் பழைய எடைகளை இனி எந்தத் தராசும் மறுபடி நிறுக்க முடியாது. அவற்றிடம் தோற்றவர்களுக்கு நியாயம் கிடைக்கப்போவதும் இல்லை.

ஒரு மீனுக்கு அதனிடம் இல்லாத எடையை ஏற்றினால் இவ்வளவு கேடு. ஓர் ஏரிக்கே அதனால் தாங்க முடியாததை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹியூரான் ஏரி சாட்சி. ஹியூரானிலும் மிச்சிகனிலும் சால்மன் இயல்பாக வாழ்ந்த மீனல்ல. கடலிலிருந்து கால்வாய் வழியே புகுந்த ஏல்வைஃப் என்ற சிறுமீன் அளவுமீறிப் பெருகி, கரையெங்கும் செத்து நாறிக்கொண்டிருந்த காலம் அது. அதைத் தின்னவும், விளையாட்டு மீன்பிடியை வளர்க்கவும், ஹோவர்ட் டானர் என்ற மீன்வள அறிஞரின் முனைப்பில் மிச்சிகன் மாநிலம் 1966-இல் பசிபிக் கடலின் கோஹோ சால்மனை விட்டது. மறு ஆண்டு சினூக் சால்மனும் வந்தது. கரையூர்கள் செழித்தன. கடைகள், விடுதிகள், வாடகைப் படகுகள், போட்டிகள் எல்லாம் அந்த மீனை நம்பி எழுந்தன.

2003, 2004 ஆண்டுகளில் ஹியூரானில் ஏல்வைஃப் சரிந்தது. ஒருபுறம் அதைத் தின்னும் சால்மன் மிகுந்திருந்தது. மறுபுறம், கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு வந்து சேர்ந்த அந்நியச் சிப்பிகள் தண்ணீரிலிருந்த நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று, உணவுச் சங்கிலியின் வேரையே அறுத்திருந்தன. இரை போனதும் சால்மனும் போனது. கடைகளிலிருந்த ஸ்பூன்கள் பழுதில்லாதவை. உழைப்பிலும் குறையில்லை. ஆனாலும் பல கரையூர்களில் வியாபாரம் படுத்துவிட்டது. மிச்சிகன் ஏரி அந்தப் பாடத்தைப் படித்தது. இரைமீன் குறைவதைக் கண்டு 2013-இல் சினூக் குஞ்சு விடுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். மீனை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் கசந்த முடிவுதான். ஆனால் அங்கே சால்மன் இன்றும் இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன.

ஏரியைக் காக்கும் பொறுப்பில் ஸ்பூன் செய்பவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில், நரம்பு, ஸ்பூன் போன்றவற்றின் விலையில் பத்து சதவீதம் தயாரிப்பாளர் கட்டும் வரி. காரேஜில் ஸ்பூன் செய்பவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்துக் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளப் பணிக்குத் திரும்பிப் போகிறது. சிறு தொழிலுக்கு இது சுமைதான். என்றாலும் மிக நியாயமான சுமை. ஏரியை நம்பிப் பிழைப்பவர், அந்த ஏரிக்கு ஒரு பங்கைத் திருப்பித் தருகிறார். இந்தத் தொழிலின் அறம் என்னவென்று யாரும் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மோசடி நடந்தது என்பதற்காகப் போட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே தண்ணீரில் ஒரே காற்றில் இறங்கிய பலரில் யார் மீனை நன்றாகப் புரிந்துகொண்டவர் என்று அறிவதில் தவறில்லை. வென்றவரைப் பொய் கண்டறியும் கருவி முன் உட்கார வைப்பது பல போட்டிகளில் உள்ள வழக்கம். அதைவிட எளிய வழி, பரிசு பெறும் ஒவ்வொரு மீனையும் எல்லோர் முன்னிலையிலும் அறுத்துப் பார்ப்பது. மீன் உயிரோடு திரும்ப விடப்படும் போட்டிகளில், படகிலேயே நடுவர் முன் அளந்துவிட வேண்டும். பரிசுத் தொகை பெருகப் பெருக இந்தக் கண்டிப்பும் பெருக வேண்டும். இதைக் கேட்கும் முதல் உரிமை சிறு கடைக்காரருக்கும் சிறு தயாரிப்பாளருக்கும் உண்டு. பெரிய நிறுவனம் ஒரு மோசடியைத் தாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இவர்களிடம் நாணயத்தைத் தவிர வேறு முதல் இல்லை. ஆகவே, அறுத்துப் பார்க்க மறுக்கும் போட்டிக்குச் சிறு வியாபாரிகள் யாரும் ஒரு ஸ்பூனைக்கூடப் பரிசாகக் கொடுக்கக் கூடாது.