பொறி கூறுவது பிரமாணமாகுமா?

பங்கீட்டுக் கடையிலும் வங்கியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இந்நாளில் நாம் அடிக்கடி பெறும் விடை ஒன்றுண்டு. "கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டுகிறது" என்பதே அது. இவ்விடை பிறந்தவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்டவர் திரும்பிச் செல்கிறார். சொன்னவர் அடுத்தவரை அழைக்கிறார். முற்காலத்தில் "சாத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்ற சொல் எவ்வாறு வாயடைத்ததோ அவ்வாறே இச்சொல்லும் வாயடைக்கிறது. சாத்திரத்தைத் தொட்டுப் படிக்கும் உரிமை நம் முன்னோர்க்கு இல்லை. பொறிக்குள் எழுதப்பட்டிருப்பதைப் படித்தறியும் உரிமை நமக்கு உண்டா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒரு செய்தியை உண்மை என்று கொள்ளுதற்குரிய வழிகளை நம் நூலோர் அளவை என்றனர். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் பல சமயத்தாரும் தத்தம் அளவைகளைக் கூறக் கேட்கிறோம். வேதத்தையே அளவையாகக் கொண்டாரும் அவருள் உளர். ஆனால் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும்போது அளவைகள் இரண்டே என்கிறார்: நேரே காண்டல் ஒன்று, கண்டதைக் கொண்டு கருதுதல் மற்றொன்று. பிற யாவும் கருத்தளவையில் அடங்கும் என்பது அவர் துணிபு. பெரியோர் சொன்னார், நூல் சொன்னது என்பன தனி அளவையாக நிற்பதில்லை. பகவன் காலாமர்களுக்கு அருளியதும் இதனோடு ஒத்த நெறியே என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். ஆயின், பொறி சொன்னது என்பதை மட்டும் நாம் எந்த அளவையில் சேர்ப்பது?

இவ்வினாவுக்கு விடை தருவோருள் பெரும் பட்டம் பெற்றாரைவிடப் பொறியார்வலர் எனத்தக்க ஒரு கூட்டத்தாரையே நாம் மிகுதியும் மதிக்கிறோம். ஊதியம் கருதாது, ஓய்வு நேரத்தில் ஒரு பழைய கணிப்பொறியைப் பிரித்து, பிரித்ததை மீண்டும் பூட்டி, அதற்கு நிரல் எழுதி, அது தவறும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இன்புறுவோர் இவர். லாமிங்டன் சாலைக் கடைகளில் மின் உறுப்புகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து நிற்கும் இளைஞருள் இத்தகையோரைக் காணலாம். இவர்தம் கொள்கையைச் சுருங்கக் கூறின், திறந்து பார்க்க இயலாத பெட்டியை நம்பாதே என்பதாகும். இது வெறும் பொழுதுபோக்காளர் பிடிவாதம் என்று சிலர் நகைப்பர். நமக்கோ இஃது ஓர் அறக்கொள்கையாகவே தோன்றுகிறது.

கணிப்பொறி வானிலிருந்து இறங்கியதன்று. நாம் வாழும் இம்மும்பை நகரிலேயே அது மனிதர் கையால் ஆக்கப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் நடுவில் ஓர் இளைஞர் குழு இப்பணியில் இறங்கியது. அதனை நடத்தியவர் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் என்னும் தமிழர். சோதனைக்கென ஒரு சிறு பொறியை 1956-இல் செய்து பார்த்தபின், 1960-இல் முழுப் பொறியை இயக்கினர். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 டையோடுகள், 12,500 மின்தடைகள் அதில் இருந்தன. அதன் நினைவகத்தில் தங்கியவை 2,048 சொற்களே. ஒவ்வொரு சொல்லும் 40 இலக்கம் உடையது. இன்று ஒரு சிறுவன் கையிலுள்ள மிக மலிவான கைப்பேசிக்கு முன் அது தூசு. 1962-இல் அன்றைய பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அதனைச் செய்தவர்கள் ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை அறிந்திருந்தனர். கணக்குப் பிழைத்தால், குழல் பழுதா, பற்றவைப்பு விட்டதா, நிரல் தவறா என்று தேடினர். பொறியே சொல்லிவிட்டதே என்று அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. இட்ட கட்டளையை இட்டவாறே செய்வதன்றிப் பொறிக்கு வேறு வினை இல்லை. கட்டளையிற் பிழையிருப்பின் அப்பிழையையும் களைப்பின்றி இலட்சம் முறை செய்யும். எழுத்தர் ஒருவர் தவறினால் ஒரு குடும்பம் துன்புறும். நிரல் தவறினால் ஒரு மாநிலமே துன்புறக்கூடும்.

நிரலின் தவறு எப்போதும் கணக்குத் தவறாகவே இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். தமிழர்க்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரில் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதுவது நம் வழக்கம். மூன்றாம் கட்டத்தை வெறுமையாக விட்டால் பொறி முன்னேற மறுக்கிறது. ஆகவே ஓரிடத்தில் தந்தை பெயரையும், மற்றோரிடத்தில் ஊர்ப்பெயரையும், பிறிதோரிடத்தில் வெறும் முதலெழுத்தையும் இடுகிறோம். பின்னர் இம்மூன்றும் ஒவ்வாதன என்று அதே பொறி நம்மை ஐயுறுகிறது. இந்நாட்டின் பல பகுதிகளில் குடும்பப் பெயர் என்பது சாதியைக் காட்டும் பெயரே ஆகும். சாதியைத் துறந்தோம் என்று பெயரை மாற்றிக்கொண்டவர் முன் அந்த வெற்றுக்கட்டம் வந்து நின்று, "எங்கே உன் சாதி?" என்று வாய்திறவாமல் கேட்கிறது. அட்டவணைச் சாதியினருக்குரிய உரிமைகளைப் பௌத்தர் ஆனோர்க்கும் உரியனவாக்கும் சட்டம் 1990-இல் வந்தது. நாடாளுமன்றம் அதனை நிறைவேற்றக் கழிந்த ஆண்டுகள் எத்தனை! இருந்தும், படிவத்தின் தெரிவுப் பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்க்க ஒருவர் மறந்துவிட்டால், அச்சட்டம் பொறிக்குள் நுழையாது வாயிலிலேயே நின்றுவிடும். கட்டம் வரைபவர் தம்மைச் சட்டம் இயற்றுபவராக எண்ணுவதில்லை. ஆனால் அவர் செய்வது அதுவே.

பொறியின் சொல்லைப் பிரமாணமாகக் கொண்டதால் விளைந்த பெருங்கேட்டுக்கு இங்கிலாந்து ஒரு சான்று. அந்நாட்டு அஞ்சல் துறை 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்குப் பொறியமைப்பைத் தன் கிளைகளில் நிறுவியது. ஊர்தோறும் சிறு கடைபோல் அஞ்சல் கிளை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டலாயிற்று. "யாம் எடுக்கவில்லை" என்றனர் அவர்கள். "பொறி காட்டுகிறதே" என்றது துறை. உம் ஒருவர்க்கே இக்குறை நேர்ந்தது, வேறெவர்க்கும் இல்லை என்றும் பலரிடம் கூறப்பட்டது. 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண் ஒருவரும் சிறை சென்றார். வீட்டை விற்றுப் பணம் கட்டியவர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டாரும் உளர். ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வமைப்பில் பிழைகள் இருந்தன என்பதும், கிளையில் உள்ளவர் அறியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்ற இயலும் என்பதும் அதில் வெளிப்பட்டன. 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அத்தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று.

இக்கொடுமை நெடுங்காலம் நீடித்ததற்குச் சட்டத்தின் ஒரு கருத்தும் துணை நின்றது. கணிப்பொறி ஒழுங்காக இயங்கியது என்பதை அதன் சான்றை நீதிமன்றத்தில் தருபவரே மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி அந்நாட்டில் முன்பு இருந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படும்வரை பொறி ஒழுங்காகவே இயங்கியது என்று கொள்ளப்பட்டது. பெட்டியைத் திறக்கும் சாவி ஒரு தரப்பாரிடம். தவறு உண்டெனக் காட்டும் பொறுப்போ மறு தரப்பாரிடம்! அறவண அடிகள் ஏற்க மறுத்த அளவையைப் பிற்காலத்துச் சட்டம் ஒன்று ஏற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்கு நிகரானது உண்டு. சுனாபட்டி என்னும் பெயரில் உள்ள பட்டி, நம் தென்னாட்டு உசிலம்பட்டி, கோவில்பட்டி போல ஊரைக் குறிப்பதன்று. சுண்ணாம்புக் காளவாய் என்பதே இப்பெயரின் பொருள். சுண்ணாம்பும் சிமெண்டும் அளைந்த கையில் விரல் ரேகை தேய்ந்துபோகும். தோல் பதனிட்ட கைக்கும், கல் சுமந்த கைக்கும், நாள் முழுதும் பாத்திரம் துலக்கும் பெண்டிர் கைக்கும் அவ்வாறே. பங்கீட்டுக் கடையில் விரல் வைக்கும் பொறி இத்தகைய கைகளைக் கண்டு, "ஆள் இவரல்லர்" என்கிறது. மத்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே, இவ்வாறு சரிபார்ப்புத் தவறும் விகிதம் ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்னும் மதிப்பீடுகளை எடுத்துக் காட்டிற்று. 2017 செப்டம்பரில் அதே ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். குடும்ப அட்டை ஆதாருடன் இணைக்கப்படாததால் நீக்கப்பட்டிருந்தது. பசியால் மாண்டாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. அட்டை நீக்கப்பட்டிருந்ததை மட்டும் எவரும் மறுக்கவில்லை. மெய்யாக உழைத்தவன் கையை அறியாது, மென்மையான கையை உடனே அறிந்துகொள்ளும் கருவியைச் செய்தவர், சோதனைக்கு எவர் கைகளை எடுத்துக்கொண்டாரோ!

இனி, பொறியார்வலர் கருவிகளைப்பற்றிக் கூறுவதையும் சிறிது நோக்குவோம். இக்காலக் கைப்பேசிகள் பசையிட்டு ஒட்டப்பட்டு, தனிவகைத் திருகாணிகளால் பூட்டப்பட்டு வருகின்றன. மின்கலம் தளர்ந்தால் அதனை மாற்றுவதினும் புதிது வாங்குதல் எளிதாகிறது. நீர் புகாதிருத்தற்கும் மெலிதாயிருத்தற்கும் இது வேண்டும் என்பர் உற்பத்தியாளர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எல்லோரும் திருப்புளியும் கையுமாக உட்கார வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. தெருவுக்கு ஒருவர் திறந்து பார்க்க வல்லவராக இருந்தால் போதும். ஏனையோர் அவர் சொல்லைக் கருத்தளவையால் கொள்ளலாம். எவருமே திறக்கலாகாது என்று பூட்டுவதைத்தான் மறுக்கிறோம். நிரலுக்கும் இது பொருந்தும். 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், தம் ஆய்வுக்கூடத்து அச்சுப்பொறி அடிக்கடி சிக்குவதைச் சரிசெய்ய அதன் நிரலைக் கேட்டார், தர மறுத்தனர். யாரும் படிக்கவும் திருத்தவும் உரிய நிரல்களை ஆக்கும் இயக்கத்தை அவர் 1983-இல் அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் இன்று உலகின் பெரும்பாலான இணையக் கணிப்பொறிகளை இயக்குகிறது. தமிழில் இத்தகைய நிரல்களைக் கற்பிக்கும் கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் வெளிவருகிறது.

பூட்டிய கருவிகள் ஈற்றில் எங்கே செல்கின்றன? தாராவியிலும் குர்லாவிலும் உள்ள பங்கார்க் கடைகளுக்கே வருகின்றன. அங்கே அவற்றை உடைத்துச் செம்பையும் பிற உலோகத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். பழைய படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. கம்பியை எரித்தால் எழும் புகை நஞ்சு. மின் கழிவுக்கான விதிகள் 2012 முதல் நடைமுறையில் இருந்தும், 2016-இலும் 2022-இலும் அவை திருத்தி எழுதப்பட்டும், கையுறையின்றி இவ்வேலை செய்வோர் இன்றும் உளர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டவர்களின் தொழிலைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம், அவர்கள் பதனிட்ட தோலில் செய்த செருப்பை மட்டும் விரும்பி அணிந்தது. இன்று நிரல் எழுதுவோர் தொழில் தலைத்தொழில், பொறி உடைப்போர் தொழில் கைத்தொழில் என்று பிரிப்பதும் அப்பழைய பிரிவினையின் மறுபிறப்பே. உண்மையில் நிரல் எழுதுவதும் ஒரு கைவினைதான். பழுது பார்ப்பவன் குழல் குழலாகத் தேடுவதைப்போல் வரி வரியாகத் தேடுவதே அதன் பெரும்பகுதி. விற்கலாகாதன என்று பகவன் விலக்கிய ஐந்து வாணிபங்களுள் நஞ்சும் ஒன்று. கழிவிலுள்ள நஞ்சுக்கு உடைப்பவரை மட்டும் பொறுப்பாக்கி, உடையும்படி செய்தவரை விட்டுவிடுவது எவ்வகை நேர்மை?

நம் பகுதியின் பிள்ளைகள் பலர் இப்பொழுது நிரல் எழுதும் வேலைக்குச் செல்கிறார்கள், நாம் மகிழ்கிறோம். சுவதேசி ஆலையில் சங்கு ஊதிய காலத்தை நினைக்கும் முதியோர்க்கு இது பெரிய மாற்றம். ஆனால் 2022-க்குப் பின் நிரலையும் பொறியே எழுதித் தரும் காலம் வந்திருக்கிறது. எழுதித் தந்ததைப் படியாமலே தம்முடையதென ஒப்படைக்கும் வழக்கமும் உடன் வந்திருக்கிறது. அவ்வாறு ஒப்படைத்தவர், பிழை நேர்ந்த அன்று "பொறி அப்படி எழுதிற்று" என்று சொல்வாராயின், அவருக்கும் கடையில் நம்மைத் திருப்பி அனுப்புபவருக்கும் என்ன வேறுபாடு?

பங்கீட்டுக் கடைக்கே மீள்வோம். ஆதார் இல்லை என்பதற்காகவோ, விரல் ரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ மட்டும் உரியவர்க்குத் தானியம் மறுக்கலாகாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் இருத்தல் வேண்டும். அடுத்தமுறை நம் அண்டை வீட்டு மூதாட்டியைப் பொறி மறுக்குமாயின், அவரோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைக்குச் செல்லட்டும். மறுத்ததற்குக் காரணத்தை எழுத்தில் தருமாறும், வேறு வழியில் தானியம் வழங்குமாறும் கேட்கட்டும். கொடாவிடில் நாளையும் நேரத்தையும் கடை எண்ணையும் குறித்துக்கொண்டு அலுவலரிடம் செல்லட்டும்.