கருவியும் பரிசும்: வீடியோ விளையாட்டுக்களிற் பெண் பாத்திரம்

கற்பனைப் பாத்திரமொன்றுக்கு அநீதி இழைத்தல் கூடுமா? வலியறியாத, திரையில் ஒளிப்புள்ளிகளாக மாத்திரமே நிலவும் உருவமொன்று இழிவுபடுத்தப்பட்டது எனக் கூறுவதிற் பொருளுண்டா? வீடியோ விளையாட்டுக்களிற் பெண் பாத்திரங்கள் சித்திரிக்கப்படும் முறைமை பற்றிய விவாதங்களில் இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஒரு சாரார் ஆடையின் அளவை அளக்கின்றனர். மறுசாரார் இது வெறும் விளையாட்டுத்தானே என்று ஒதுங்கிவிடுகின்றனர். இரண்டும் வினாவைத் தட்டிக்கழிக்கும் வழிகளே.

மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது, தம்மளவில் இலக்காகவுங் கொள்ளல் வேண்டும் என்பது இம்மானுவேல் காண்டின் அறக்கோட்பாடு. இதனை அடியொற்றி மார்த்தா நுஸ்பாம் 1995இல் வெளியிட்ட கட்டுரையில், மனிதரைப் பொருளாக்குதல் என்பதனுள் ஏழு கூறுகளை வேறுபடுத்திக் காட்டினார். கருவியாக்கல், தன்னாட்சியை மறுத்தல், அகவுணர்வைப் பொருட்படுத்தாமை என்பன அவற்றுட் சில. ஆயின் இவ்வளவுகோலை விளையாட்டுக்கு அப்படியே பிரயோகித்தால் விசித்திரமான முடிபொன்று கிட்டும். மரியோவும் கருவியே. பொத்தானை அழுத்தினாற் பாய்வான். குழியில் வீழ்ந்து மடிந்தால் மீண்டும் தோன்றுவான். தனக்கென ஒரு விருப்பமும் அவனுக்கு இல்லை. ஆடுபவரின் கைக்கு நீட்சியாய் அமைதல் இயக்கப்படும் பாத்திரத்தின் இயல்பு. ஆகவே கருவியாக்கல் என்ற குற்றச்சாட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே பொருந்தும். பெண்ணுக்கு நேர்ந்த தனிக்குறையை அது விளக்காது.

அக்குறை வேறிடத்தில் உள்ளது. நின்ரெண்டோ நிறுவனத்தின் ‘டொங்கி கொங்’ 1981இல் வெளிவந்தது. பின்னர் மரியோ எனப் பெயர் பெற்ற தச்சன் ஏணிகளில் ஏறுகின்றான், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டுகின்றான். உச்சியில் நிற்கும் பெண்ணோ உதவி கோருவதன்றி வேறெதுஞ் செய்வதில்லை. அவளே ஆட்டத்தின் இலக்கு. எனினும் காண்ட் கருதிய பொருளில் அவள் இலக்கு அல்லள். கருவிக்குச் செயலேனும் உண்டு. பரிசுக்கு அதுவுமில்லை.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாக உணர்த்துவது, அதே நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘மெற்றொயிட்’ ஆகும். கனத்த விண்வெளிக் கவசம் பூண்ட சேமஸ் ஆரன் என்னும் வீரரை நாம் பல மணிநேரம் இயக்குகின்றோம். ஆட்டத்துடன் வந்த ஆங்கிலக் கையேடு சேமஸை ஆண்பாற் சுட்டாலேயே குறித்தது. (தமிழிலாயின் ‘அவர்’ என்று எழுதிப் பொய்யுரைக்காமலே மறைத்திருக்கலாம்.) ஆட்டத்தை 5 மணித்தியாலத்துக்குள் முடித்தால் தலைக்கவசம் நீங்கி, வீரர் ஒரு பெண் என்பது வெளிப்படும். 3 மணித்தியாலத்துக்குள் முடித்தாற் கவசம் முற்றாகக் களையப்பட்டிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தால் அவள் நீச்சலுடையளவிலேயே நிற்பாள்.

வெளிப்படுத்தல் தன்னளவில் ஓர் அரிய காரியம். ஆண் என்றே எண்ணி ஆடியவனை, தன் எண்ணத்தின் ஆதாரம் யாதென வினவச் செய்கின்றது. ஆயின் அதே கணத்தில் இன்னொன்றும் நிகழ்கின்றது. அதுவரை அவளாகவே இயங்கியவன் இப்பொழுது அவளைப் பார்ப்பவனாக மாற்றப்படுகின்றான். அவளுடைய வெற்றிக்கு அவளுடைய உடலே அவனுக்குப் பரிசு. எவ்வளவு திறமையாக அவளாக இருந்தானோ அவ்வளவுக்கு அவள் உரியப்படுகின்றாள். கருவியாக இருந்தபோது அவளுக்கு இருந்த கௌரவம் பரிசானபோது போய்விட்டது என்றே கூறல் வேண்டும்.

திரைப்படக் கமரா ஆணின் பார்வையைத் தனதாக்கிக் கொள்கின்றது என லோரா மல்வே 1975இல் வாதிட்டார். 1996இல் வெளிவந்த ‘ரூம் றெய்டர்’ விளையாட்டில் லாரா குறொப்டின் பின்னாலேயே கமரா தொடர்கின்றது. 2013இல் அவ்விளையாட்டுப் புதுப்பிக்கப்பட்டபோது உடலமைப்பு இயல்பாக்கப்பட்டது, உடையும் மாறியது. இருந்தும் அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் 2012இல், ஆடுவோர் தம்மை லாராவாகப் பாவிப்பதில்லை, அவளைப் பாதுகாக்கவே விரும்புவர் என்னுங் கருத்துப்படப் பேசினார். மரியோவைப் பாதுகாக்க யாரும் விரும்பியதாக நான் கேள்வியுற்றதில்லை. ஆடையை மட்டும் அளப்போர் தவறவிடுவது இதனையே. உடை நீண்டபின்னரும் அவளுக்கு வெளியே நிற்கும் ஒருவன் அனுமானிக்கப்படுகின்றான்.

இனி, அநீதி யாருக்கு? சேமஸுக்கு அன்று, அவள் எதனையும் உணராள். அந்த ஆட்டத்தை ஒரு மணித்தியாலத்தில் முடித்த சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளது திறமைக்கு ஆட்டம் அளிக்கும் வெகுமதி அவளை நோக்கியதன்று. தான் ஆடுவதை ஆட்டம் எதிர்பார்க்கவேயில்லை என்பதை அவள் வென்ற கணத்திலேயே அறிகின்றாள். பாத்திரத்துக்கு உணர்வில்லை என்ற வாதம் இவளுக்கு விடையாகாது. அழகைச் சித்திரித்தல் குற்றமன்று. அச்சித்திரிப்பு யாரை முன்னிலைப்படுத்துகின்றது என்பதே வினா.

2020இல் வெளிவந்த ‘த லாஸ்ற் ஒவ் அஸ்’ இரண்டாம் பாகத்தில் அபி என்னும் பெண், உண்மையான விளையாட்டு வீராங்கனை ஒருவரின் உடலை மாதிரியாகக் கொண்டு திரண்ட தசைகளுடன் படைக்கப்பட்டாள். முதற் பாகத்தின் நாயகனைக் கொன்றவளும் அவளே. ஆட்டத்தின் ஏறத்தாழ அரைப்பகுதியை அவளாகவே ஆடவேண்டியுள்ளது. கொலைக்காகச் சினந்தோரின் சினம் விளங்கிக்கொள்ளத்தக்கது. ஒரு பெண்ணுக்கு அத்தகைய தோள்கள் வாய்க்கா என்று சினந்தோரும் பலர் இருந்தனர். அவர்கள் பல மணிநேரம் அத்தோள்களைக் கொண்டே ஏறினர், தாங்கினர், போரிட்டனர்.