கேள்வி ஞானம்



கிபயோனில் ஓர் இரவு. கனவில் தோன்றிய ஆண்டவர், வேண்டியதைக் கேள் என்கிறார். சாலமோன் இளைஞர், அரியணைக்குப் புதியவர். நீண்ட ஆயுளைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஞானமுள்ள உள்ளத்தை. எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொற்கள் 'லேவ் ஷோமேயா'. அப்படியே பெயர்த்தால் 'கேட்கும் இதயம்'. இது தமிழர்களுக்கு உடனே விளங்கும். குருவிடம் உட்கார்ந்து பயிலாமல், கேட்டுக் கேட்டே பாடத் தேர்ந்தவரை 'கேள்வி ஞானம் உள்ளவர்' என்கிறோம். வள்ளுவரும் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதைச் செல்வம் என்றார். சாலமோன் வேண்டிப் பெற்றது அந்தச் செல்வத்தைத்தான்.

இந்த வாசகம் வரும்போதெல்லாம் ஓர் இசை ரசிகர் என் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் கார்ல் பார்த். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1886இல் பிறந்தவர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். சீர்திருத்தத் திருச்சபையின் போதகர், கடந்த நூற்றாண்டின் மாபெரும் இறையியலாளர்களுள் ஒருவர். திருச்சபையின் கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 13 புத்தகங்களாக வந்தும் முற்றுப்பெறவில்லை. அப்படி எழுதிக் குவித்தவர், காலையில் பேனாவைத் தொடுமுன் இசைமேதை மொசார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிடுவார். பல ஆண்டுகளாக இதுவே அவருடைய வழக்கம். படிப்பறைச் சுவரில் சீர்திருத்தச் சபையின் முன்னோடி கால்வினின் படமும் மொசார்ட்டின் படமும் ஒரே உயரத்தில் தொங்கின.

ஐந்தாறு வயதில் தொடங்கிய பித்து அது. அவருடைய தந்தை ஒரு நாள் பியானோவில் மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்திலிருந்து சில அடிகளை வாசித்தார். சிறுவனின் உள்ளத்தில் அது ஊடுருவிவிட்டது. முதுமையிலும் விடவில்லை. விண்ணகம் போனால் முதலில் மொசார்ட்டைத்தான் விசாரிப்பேன், அகுஸ்தினார், தாமஸ் அக்குவினாஸ், லூத்தர், கால்வின் எல்லாரும் அதற்குப் பிறகுதான் என்று 1956இல் எழுதினார். மொசார்ட் பிறந்த இருநூறாம் ஆண்டு அது.

இசைத்தட்டு சேர்ப்பவர்களை நாம் சற்று விநோதமாகப் பார்ப்பதுண்டு. பழைய தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம்தான். ஒரு சிம்பொனியைக் கேட்டு முடிக்கப் பலமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுகள் வந்த பிறகே நிம்மதி. மொசார்ட் வாழ்ந்தது 35 ஆண்டுகள். அவருடைய படைப்புகளுக்கு முதலில் தொகுத்த பட்டியல் 626ஆம் எண்ணில் முடிந்தது. இறந்தோருக்கான திருப்பலி இசை அது, முடிக்காமலேயே இறந்தார். இத்தனையையும் சேர்த்த பிறகும் ரசிகர் நிறுத்துவதில்லை. ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் அதே படைப்பை இன்னொருவர் வாசித்திருக்கிறார் என்று தெரிந்தால் அதையும் தேடிப் போவார். இருப்பதே போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். போதாது. இன்னொருவர் விரல் பட்டதும், அதே சுரங்களில் நேற்றுவரை காதில் விழாத ஒன்று விழுகிறது. நாமும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, இன்று வாசித்த இதே புதையலையும் இதே முத்தையும் பற்றிய நற்செய்தியை இதே ஞாயிறன்று கேட்கிறோம். தெரிந்த கதைதானே என்று எண்ணுபவருக்கு அது தெரிந்த கதையாகவே இருந்துவிடும். இந்த மூன்றாண்டில் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவரும், கணவரை அடக்கம் செய்தவரும் கேட்கிற முத்து வேறு.

அப்படிக் கேட்டுக் கேட்டு பார்த் என்ன கண்டார்? அவருடைய பெருநூலில் 1950இல் வந்த புத்தகத்தில், படைப்பில் உள்ள இருளைப் பற்றிப் பேசும் இடத்தில், யாரும் எதிர்பாராமல் மொசார்ட்டைக் கொண்டுவருகிறார். 1755 நவம்பரில், புனிதர் அனைவர் பெருவிழா நாளில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. கோவில்களில் கூடியிருந்த மக்கள் மடிந்தார்கள். கடவுள் நல்லவரா என்று ஐரோப்பாவே கேட்டது. மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1756 சனவரியில், மொசார்ட் பிறந்தார். இந்த மனிதர் படைப்பின் ஒளியையும் கேட்டார், நிழலையும் கேட்டார் என்கிறார் பார்த். நிழலை மறைக்கவில்லை, ஆனால் ஒளியை விலக்கி நிழலை மட்டும் தனியே கேட்கவும் இல்லை. அந்த இசையில் 'இல்லை' என்பதும் ஒலிக்கிறது; 'ஆம்' என்பது அதைவிட உரக்க ஒலிக்கிறது. அடக்கத் திருப்பலிகளில் உங்கள் முன் நிற்கும்போது நான் தேடுவது இந்த ஒரு வார்த்தையைத்தான். அழாதீர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அழுகையின் நடுவே அந்த 'ஆம்' கேட்கிறதா என்று உங்களோடு சேர்ந்து செவிசாய்க்க முடியும்.

அதே பாசெல் நகரில் பார்த்துக்கு ஒரு கத்தோலிக்க நண்பர் இருந்தார், ஹான்ஸ் ஊர்ஸ் வான் பல்தசார் அடிகளார். அவரும் மொசார்ட் பித்தர். 1988இல் கர்தினாலாக நியமிக்கப்பட்டு, பொறுப்பேற்க இரண்டு நாள் இருக்கையில் இறந்தவர். அவர் தம்மிடமிருந்த ஒலிக்கருவியை ஒரு நாள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மொசார்ட்டின் படைப்புகள் அவருக்கு மனப்பாடம். கருவி இல்லாமலே உள்ளுக்குள் கேட்க முடிந்ததால், கொடுத்தது இழப்பாகவில்லை. நற்செய்தியில் வரும் வணிகர் தமக்குள்ள எல்லாவற்றையும் விற்கும்போது முகம் சுளிப்பதாக நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா? புதையலைக் கண்டவர் மகிழ்ச்சியோடு போய் விற்கிறார் என்றுதான் ஆண்டவர் சொல்கிறார்.

நம் கைபேசிகளில் எத்தனை தியான உரைகள், எத்தனை பாடல்கள் சேர்ந்திருக்கின்றன! அன்போடு யாரோ அனுப்பியவை, நாமும் அன்போடு வைத்திருப்பவை. சேர்த்தது தவறே இல்லை. தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துத் தரும் வீட்டுத் தலைவரைப் பற்றி இன்று கேட்டோம். சேர்த்து வைக்காதவர் எங்கிருந்து எடுப்பார்? ஆனால் எடுக்க வேண்டும். பார்த் தினமும் எடுத்தார்.

1968 டிசம்பர் 9ஆம் நாள் மாலை, 82 வயதில், அவர் ஓர் உரை எழுதிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கூடும் கூட்டத்துக்கான உரை. தொலைபேசி ஒலித்தது. பாதி வாக்கியத்தில் பேனாவை வைத்தார். நமக்கு முன் நம்பிக்கையில் வாழ்ந்து மறைந்தவர்களுக்கு நாம் செவிகொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கடைசிப் பக்கத்தின் பொருள். மறுநாள் காலை அவரை இசையால் எழுப்ப எண்ணி, அவர் மனைவி மொசார்ட்டின் தட்டை ஓடவிட்டார். அவர் உறக்கத்திலேயே இறைவனிடம் போயிருந்தார்.

இந்த வாரம் ஏழு நாளும், மாலைச் செபத்தில், மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் இன்று கேட்ட ஒன்பது வசனங்களை மட்டும் வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டில் வேறொருவர் வாசிக்கட்டும். பாட்டியும் வாசிக்கட்டும், சின்னப் பிள்ளையும் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். மற்றவர்கள் கேளுங்கள்.