தேடலும் வாய்மையும்

வள்ளுவர் வாய்மையை அறத்துப்பாலில் வைத்தார். அறிவுடைமையைப் பொருட்பாலில் வைத்தார். பால் வேறாயினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பதை, இணையம் வகுப்பறைக்குள் புகுந்துவிட்ட இந்நாளில் ஆசிரியர்களாகிய நாம் முன்னினும் தெளிவாக உணர்கின்றோம். இணையத்தில் செய்தி தேடவும், தேடியதை ஆராயவும் மாணாக்கருக்குக் கற்பிப்பது ஒரு தொழில்திறன் என்றே பொதுவாகப் பேசப்படுகிறது. எச்சொல்லை இட்டுத் தேடுவது, படத்தை எவ்வாறு எடுத்து ஒட்டுவது, தாளை எவ்வாறு அழகுபடுத்துவது என்பனவே அதன் பாடங்களாகக் கருதப்படுகின்றன. அது பொருட்பாலுக்கு மட்டுமே உரிய கல்வியா? அறத்துப்பாலுக்கும் அதில் பங்குண்டா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணினி புதிதன்று. விவேகப் பள்ளித் திட்டம் 1997ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆயினும், 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னரே, பாடம் முழுவதும் திரையின் வழியாகச் சென்றடைய வேண்டிய நிலை ஏற்பட்டது. ஈப்போ நகரத்துப் பிள்ளைக்கும், தோட்டப்புறத்தில் ஒரே திறன்பேசியை உடன்பிறப்புகளோடு பகிர்ந்துகொண்ட பிள்ளைக்கும் அந்நாளில் இருந்த இடைவெளியை ஆசிரியர் எவரும் மறக்கமாட்டார். எனினும் ஒன்றை நாம் கண்டோம். கருவி கைக்கு வந்த பிள்ளைகள் அதனை இயக்கும் முறையைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டனர். அவர்கள் தாமாகக் கற்றுக்கொள்ளாதது, "இது உனக்கு எவ்வாறு தெரியும்?" என்னும் கேள்வியைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது ஆகும்.

ரப்பரின் வரலாற்றை எழுதி வருமாறு இடுபணி ஒன்று தருகிறோம் என்று கொள்வோம். கால்மணி நேரத்தில் நான்கு பக்கம் வந்துவிடும். எழுத்துப்பிழை இராது, படமும் இருக்கும். குறை எங்கே உள்ளது? பிறர் சொல்லை எடுத்தாண்டது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, தான் அறியாத ஒன்றை அறிந்ததாகக் காட்டுவது. எழுதிய பிள்ளை அதனைப் பொய்யென்று எண்ணுவதில்லை. கரும்பலகையில் உள்ளதை அப்படியே எழுதுவதும், மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் நெடுங்காலம் நற்பழக்கங்களாகவே போற்றப்பட்டன. ஆகவே, பிள்ளையைக் கடிவதால் பயனில்லை. வேறொரு பழக்கத்தை ஊட்டுவதே வழி.

அதே ரப்பரையே அதற்குப் பாடமாகக் கொள்ளலாம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றெனப் போற்றப்படும் மரத்தை இன்றும் அங்கே காணலாம். விக்கம் அவ்விதைகளைத் திருடிக் கடத்தினார் என்னும் கதை பல இடங்களிலும் காணக்கிடைக்கிறது. ஆனால், விதைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் அந்நாளில் பிரேசிலில் இருந்ததில்லை என்று ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அப்படியானால் அச்செயல் நேர்மையானதாகிவிடுமா? அது வேறு கேள்வி. நடந்தது என்ன, சட்டம் என்ன, அறம் என்ன என்னும் மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பத்து வயதுப் பிள்ளையாலும் இயலும். பிரித்துக் காட்டும் ஆசிரியர் வேண்டும். ஒரு கதை நூறு பக்கங்களில் இருப்பதனாலேயே நூறு சான்றுகள் ஆகிவிடாது. ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதப்பட்டிருக்கலாம் என்பதும் அப்பாடத்தில் அடங்கும்.

இதனினும் கடினமான பாடம் ஒன்றுண்டு. ஜப்பானியர் ஆட்சியின்போது சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942இல் தொடங்கி 1943இல் முடிந்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட நம்மவர் எத்தனை பேர்? நூலுக்கு நூல், பக்கத்துக்குப் பக்கம் எண் வேறுபடுகிறது. போர்க்கைதிகளுக்கு இருந்த அளவுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறைக் குறிப்பும் ஆசியத் தொழிலாளர்களுக்கு இல்லாமற்போனதே அவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம். இந்நிலையில் மிகப் பெரிய எண்ணையே எழுத நம் உள்ளம் விரும்புகிறது. அவ்விருப்பம் இயல்பானது, துயரத்தின்பால் பிறந்தது. ஆயினும், சான்றில்லாத எண்ணை இறந்தோர்மீது ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. பிறிதொருவர் அவ்வெண்ணைத் தவறெனக் காட்டும் நாளில், உண்மையாய் நிகழ்ந்த கொடுமையும் சேர்ந்து ஐயத்திற்கு உள்ளாகும். எண்கள் வேறுபடுகின்றன என்பதையும், ஏன் வேறுபடுகின்றன என்பதையும் எழுதும் மாணவனே மாண்டோருக்கு நேர்மை செய்தவனாவான்.

தமிழின் தொன்மைபற்றியும் பெருமைபற்றியும் நாள்தோறும் புலனத்தில் வந்து குவியும் செய்திகளுக்கும் இது பொருந்தும். நம்மைத் தாழ்த்தும் செய்திக்குச் சான்று கேட்கிறோம். நம்மை உயர்த்தும் செய்தியைக் கேளாமலே பிறருக்கு அனுப்புகிறோம். தமிழாசிரியரே அவ்வாறு செய்தால் மாணாக்கர் எதனைக் கற்பர்? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த ஓர் ஏட்டை அப்படியே அச்சேற்றிவிடவில்லை. பல ஊர் ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்தார். ஏடு தந்து உதவியோரின் பெயர்களையும் நன்றியுடன் எழுதிவைத்தார். தமிழ்மீது அவர் கொண்ட பற்றுக்கு அவ்வுழைப்பே சான்று. இன்று நாம் புதிய பெயரிட்டு அழைக்கும் ஆய்வுத்திறன் நம் மரபுக்கு அயலானதன்று என்பதை மாணாக்கருக்கு அவர் வாயிலாகவே உணர்த்தலாம்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழக்கூடும். பெரியோர் சொல்லை ஏற்று நடக்கும் பண்பாட்டில் வளரும் பிள்ளையிடம், "எவ்வாறு தெரியும்?" என்று கேட்கச் சொல்வது அடக்கமின்மையை வளர்க்காதா? இக்கவலையைப் புறந்தள்ள இயலாது. கேட்கும் முறை தவறினால் கேள்வி ஏளனமாகிவிடும். ஆனால், உண்மையில் அக்கேள்வி பெரியோரிடம் பிள்ளையை நெருக்கமாகவே அழைத்துச் செல்கிறது. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் உருமாறிவிட்டன. கணக்கேட்டில் ஒரு பெயரும் நம் மக்கள் நாவில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்கள் பல. நாவில் வழங்கிய பெயரை இட்டு இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிட்டாது. கிட்டாமையால் அத்தோட்டம் இல்லாமற்போயிற்றா? பெரட்டுக் களத்தில் நின்றவர், லயத்தில் வாழ்ந்தவர், பால்மரம் சீவியவர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். இணையம் அறியாததை அவர்கள் அறிவர்.

அவர்களிடம் கேட்பதற்கும் முறையுண்டு. பாட்டி ஆண்டு சொல்லமாட்டார். "ஜப்பான்காரன் காலம்" என்றோ "அவசரகாலம்" என்றோ சொல்வார். முன்னது 1941 முதல் 1945 வரை, பின்னது 1948 முதல் 1960 வரை என்று பொருத்திப் பார்ப்பது மாணவன் கடமை. ஒருவர் சொன்னதை மற்றொருவரிடமும் கேட்டுப் பார்த்தல், சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்தல், வெளியிட வேண்டா என்று அவர் சொன்னதை வெளியிடாதிருத்தல் ஆகியவையும் கடமைகளே. இவ்வளவு கவனத்தோடு ஒருவர் சொல்லைக் கேட்பதைவிட அவருக்குச் செய்யும் மதிப்பு வேறென்ன இருக்க முடியும்?

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. அவை உள்ளதையும் சொல்லும்; இல்லாத நூலையும் நிகழாத நிகழ்ச்சியையும் அதே தெளிவான நடையில் சொல்லும். நடை செம்மையாக இருந்தால் எழுதியவர் அறிந்தே எழுதியிருப்பார் என்று நம்பும் பழக்கம் இனி உதவாது. கருவியைத் தடுப்பதா, விடுப்பதா என்று நாம் வாதிடுவது ஒருபுறம் இருக்கட்டும். அதன் விடைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் கேள்வி அதற்கு முற்பட்டது. கருவி வெட்கப்படாது; தன் பெயரை இட்டு ஒப்படைக்கும் மாணவனே பொறுப்பாளி. இதனை அவன் உணரும்படி செய்வதே நம் வேலை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வோர் இடுபணியின் அடியிலும் மூன்று வரிகள் எழுதச் சொல்லலாம்: இதனைச் சொன்னவர் யார், அவருக்கு இது எவ்வாறு தெரிந்தது, வேறு எவரேனும் மாறுபடச் சொல்கின்றனரா. "தேடினேன்; உறுதி கிட்டவில்லை" என்று நேர்மையாக எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறையாது என்னும் உறுதியையும் அளித்தல் வேண்டும். அறியாமையை ஒப்புக்கொள்வதற்குத் தண்டனை இருக்குமிடத்தில் பொய் பெருகும். மாணவன் நம்மிடமே "ஐயா, இது எங்கே உள்ளது?" என்று கேட்கும்போது, முகம் சுளிக்காமல் நூலை எடுத்துக் காட்டவும், நூல் கையில் இல்லையேல் தேடிச் சொல்கிறேன் என்று கூறவும் நாமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வாய்மையைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதினும், அதனை ஆசிரியரிடம் நேரில் கண்டு பிள்ளை கற்பதே நிலைக்கும்.