உடலுக்குள் நினைப்பவர் யார்?

1846இல் பரோயே தீவுகளில் தட்டம்மை பரவியது. வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க் ஆட்சியில் இருந்த அந்தத் தீவுகளில் எட்டாயிரம் பேர்கூட இல்லை. ஏறத்தாழ 6,000 பேர் படுத்துவிட்டார்கள். நிலைமையைப் பார்த்துவரப் போன பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர், கிழவர்கள் சிலரை நோய் அண்டாததைக் கவனித்தார். விசாரித்தால், அவர்கள் 1781இல் வந்த தட்டம்மையில் விழுந்து எழுந்தவர்கள். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அங்கே தட்டம்மையே கிடையாது.

1781இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இருக்க வழியில்லை. அப்படியானால் மறக்காமல் இருந்தது யார்?

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைக்க முடியாது. ஆகவே கண்டதும் நினைப்பதும் ஒரே ஆன்மா என்பார்கள் நியாய தத்துவத்தைச் சேர்ந்த நையாயிகர்கள். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. மிலிந்தபன்ஹா என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் விளக்கைக் காட்டுகிறார்: இரவெல்லாம் எரியும் சுடர் யாமத்துக்கு யாமம் அதே சுடருமல்ல, வேறு சுடருமல்ல.

நோயெதிர்ப்பு இயல் அவர் பக்கம் சாய்வதுபோலத்தான் இருக்கிறது. கிருமியைச் சந்தித்த நோயெதிர்ப்புச் செல் பல்கிப் பெருகுகிறது. கிருமி ஒழிந்ததும் பெரும்பாலானவை மடிய, எஞ்சியவை நினைவு செல்களாகின்றன. நினைவு டி செல்களும் அவ்வப்போது பிரிந்து, தம் இடத்தில் வாரிசை நிறுத்திவிட்டுப் போகின்றன. எலும்பு மஜ்ஜையில் தங்கும் பிளாஸ்மா செல்கள் மட்டும் நெடுங்காலம் உயிரோடிருந்து ஆன்டிபாடி சுரக்கின்றன. இன்னொன்று, கிருமி எந்தச் செல்லுக்கும் பாடம் நடத்துவதில்லை. அதற்குப் பொருந்தும் ஏற்பி தற்செயலாக ஏற்கெனவே வாய்த்த செல்தான் பெருகுகிறது என்று 1957இல் நோயெதிர்ப்பு அறிஞர் பர்னெட் சொன்னார். அது நிரூபணமும் ஆனது. கற்றவர் இல்லாமலே ஒரு கல்வி!

நையாயிகர் சும்மா இருக்கமாட்டார். ‘முன்பு கண்டது இதுவே, கண்டவன் நானே’ என்ற அறிதல்தான் அவருக்குச் சான்று. எந்த டி செல்லுக்கும் அது கிடையாது. இருப்பது வெறும் தடம், நினைவல்ல என்று அவர் ஒதுக்கிவிடலாம். வலுவான மறுப்புதான், செல்லை வைத்து ஆன்மா இல்லை என்று நிறுவ முடியாது.

அந்தத் தடமும் அழியக்கூடியதுதான். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களிடம் முன்பிருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை தட்டம்மை அழித்திருந்தது. பிற நோய்களைப் பற்றிய உடலின் நினைவே துடைக்கப்பட்டிருந்தது. அத்தனை இழந்த பிள்ளையும் அதே பிள்ளைதானே என்று நையாயிகர் இதைத் தம் சாட்சியாக்கலாம். அந்த ‘நான்’ எதுவும் அறியாமலேதானே இத்தனை காலம் காவல் நடந்தது என்று நாகசேனரும் திருப்பிக் கேட்கலாம்.